தேக்காவில் ஓர் இரும்புச் சுவர்

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு எதிரே, புதிதாகத் திறந்த விளையாட்டுப் பொருள் கடையின் வாசலில் கூட்டம் நெரிகிறது. நானும் நிற்கிறேன். மேடையில் இருப்பவர் தென் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற கால்பந்துத் தடுப்பாட்டக்காரர். 'இரும்புச் சுவர்' என்று முழங்குகிறார் அறிவிப்பாளர். சொந்த நாட்டில் கழித்துக்கட்டிய பிறகு ஊர் ஊராகக் கிளப் மாறி, கடைசியில் இங்கே ஒரு சீசன் ஆடிய சுவர் இது. இப்போது தொப்பையும் மினுங்கும் கோட்டுமாக ஷூ விற்க வந்திருக்கிறது.

"இவரு இங்க ஆடுன சீசன்ல நான் எதிர் டீம் ஃபார்வர்ட்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் சலீம், புக்கிட் மேராக்காரர். "பின்னாலேர்ந்து வந்து முட்டியில மிதிச்சாரு. ரெண்டு ஆபரேஷன். அப்புறம் நான் ஆடவே இல்ல லா."

"ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாராண்ணே?"

"ரெஃப்ரியே பார்க்கல. இவரு எங்க பார்க்கிறது?"

தன் ஆட்டம் எப்போதும் சுத்தமானது என்று மேடையில் அவர் ஆங்கிலத்தில் சொல்கிறார். கைதட்டல். ரசிகர் யாராவது மேலே வரலாம் என்று அறிவிப்பாளர் அழைக்கிறார். சலீம் காலை இழுத்தபடி ஏறிவிடுகிறார். அடிதடி ஆகிவிடுமோ என்று எனக்குப் பதறுகிறது.

அந்த ஆட்டக்காரர் அடையாளம் தெரியாமலே சலீமைக் கட்டிப்பிடித்து, கையெழுத்திட்ட பந்தை நீட்டுகிறார். சலீம் அதை வாங்காமல் மைக்கில் தமிழில் சொல்கிறார்:

"நீங்களே வெச்சுக்குங்க சார். ஆடுன காலத்துல நீங்க பந்தைத் தொட்டதே இல்ல."

கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது. ஒரு வார்த்தையும் புரியாத அவர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்து, கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறார்.