கல்லறைத் திருநாளில் கருப்புச் சட்டைக்காரர் கேட்ட கேள்வி

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

இன்று கல்லறைத் திருநாள். தம்பி கல்லறையில் ஏற்ற மெழுகுவத்தியும் சாமந்தியும் வாங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு வில்லியனூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சவரியம்மாவும் கூட வந்தாள்.

முன் சீட்டில் இருந்த கருப்புச் சட்டைக்காரர் என் பையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்.

"இன்னா பெரியவரே, மெழுகுவத்தி ஏத்துனா செத்தவன் எழுந்து வந்துடுவானா? உங்க சாமி இருந்தா, சுனாமி அன்னிக்கு எங்க போயிருந்தாரு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"கண்டக்டர், இந்தாள எறக்கி வுடுப்பா!" என்று சவரியம்மா எழுந்துவிட்டாள். கண்டக்டரும் விசிலை வாயில் வைத்தார்.

"வேணாம்பா, இருக்கட்டும்," என்றேன்.

பிறகு கருப்புச் சட்டைக்காரரிடம் சொன்னேன். "அன்னிக்கு ஞாயித்துக்கெழம. பூசைக்கு வாடான்னு தம்பியக் கூப்டேன். சாயங்காலப் பூசைக்கு வரேன்னுட்டு, பனித்திட்டு கடக்கரைக்கு மீன் எடுக்கப் போனான். நீ கேக்குறதத்தான்பா நானும் கேட்டுக்கினு இருக்கேன். நீ என்னாண்ட கேக்குற, நான் அவராண்ட கேக்குறேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "பதில் சொன்னாரா?"

"இன்னும் இல்ல. சொல்லாம வுட மாட்டேன்."

நான் இறங்கும்போது பூப்பையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

சவரியம்மாவுக்கு இப்போது கோபம் என் மேல். "அந்தாளு கேட்டா கேட்டுட்டுப் போறான். தெனம் ஜெபம் சொல்ற நீ கேக்கலாமாண்ணே?" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், வேறு யாரிடம் போய்க் கேட்பது?