சிவப்புச் சதுரம்

இடிப்பதற்காக நான் வரைந்த ஒரு சுவரின் வரைபடத்தை இன்னும் சுருட்டி வைத்திருக்கிறேன். எண்பதுகளில் நியூசிலாந்தின் ஒனிஹங்காவில், பழைய ஆங்கிலேயச் செங்கல் வீடொன்றில் இயங்கிய கட்டட வரைவு அலுவலகத்தில் எனக்கு வேலை. பழமைக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வீடுதான். ஆனாலும் அதன் மேற்குச் சுவர் உட்பக்கம் ஓயாமல் ஈரம் கசிந்து, உப்புப் பூத்து, சாந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த நிபுணர், செங்கல் உளுத்துவிட்டது, இடித்துவிட்டுக் கொங்கிறீற் கல்லில் கட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் கோடு போட்டேன்.

அந்த உப்பை நாள் தவறாமல் துடைத்தவர், அங்கே துப்புரவு வேலை செய்த யாழ்ப்பாணத்து அன்ரி. வரைபடத்தைக் கண்டு என்னவென்று கேட்டார், சொன்னேன். அந்தச் சுவரில் ஓரிடத்தை மட்டும் தான் துடைக்க நேர்ந்ததே இல்லை என்றார். கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. யன்னலிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று மொப்புத் தடியால் அளந்தார். வெளியே போய் அதே யன்னலிலிருந்து மறுபடி அளந்தார். தடி போய் நின்ற இடம், எங்களுக்கெல்லாம் மானக்கேடாக இருந்த சிவப்புச் சதுரம். முன்பு சுவருக்கு வெள்ளை பெயின்ற் அடித்தவர்கள், அங்கே தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றச் சோம்பல்பட்டுச் சுற்றிவர அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பலகை போனபின் வெறும் செங்கல் தெரிந்தது.

மறுநாள் மேலாளரையும் நிபுணரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன்.

“மழை நேரா படுற இடம் காஞ்சு கிடக்கு. பெயின்ற் மூடின இடம்தான் நனைஞ்சு கிடக்கு. பிழை ஆரிலை எண்டு கேளுங்கோ பிள்ளை,” என்றார் அன்ரி.

ஆங்கிலத்தில் கேட்டேன். நிபுணர் உள்ளுக்கும் வெளிக்குமாக மூன்று தரம் நடந்தார். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் நனைந்தாலும் தானே உலர்ந்துவிடும், பெயின்ற் அந்த வழியை அடைத்துவிட்டது என்று எங்களுக்கே விளக்கத் தொடங்கினார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. அன்ரி சிரிப்பை மறைக்க மொப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோடையில் பெயின்ற்றை உரித்தார்கள். ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என்று அந்நாளைய மேசன்மார் அடுக்கிய கட்டு வரிவரியாக வெளிவந்தது. நான் ஒரு கல்லும் வைக்கவில்லை. ஆனாலும் பெருமை தாங்கவில்லை. தனக்கு இனி வேலை குறைவு என்று மட்டும் அன்ரி சொன்னார்.

போன மாதம் வரைபடத்தோடு அங்கே போனேன். நல்ல மழை. உள்ளே சுவரில் கை வைத்தேன், காய்ந்திருந்தது. வெளியே வந்து அந்தச் சதுரத்தைத் தேடினேன். எங்கே கண்டுபிடிப்பது, சுவர் முழுக்கச் சிவப்பு.