கடல் உறையவில்லை அம்மா

என் மகளுக்கு நார்வேயின் வடகோடியில் ஒரு துறைமுக ஊரில் வேலை கிடைத்தது. மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியாம். வீடே சந்தோஷப்பட்டபோது நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"கடலே உறையுற ஊர்ல ஐஸ் மேல நடந்துகினு போயி நீ ஒண்ணும் சம்பாதிக்க வேணாம்" என்றேன். இருப்பது ஒரே பிள்ளை. என் பிடிவாதம் எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் பிளாக் முழுக்கப் பிரசித்தம்.

"அங்க கடல் உறையாதும்மா." போனில் குளிர்காலப் படத்தைக் காட்டினாள். கரையெல்லாம் வெள்ளை, தண்ணீர் மட்டும் கறுப்பாக அலையடித்தது.

"போட்டோல எத வேணா காட்டலாம்டி."

மறுநாள் விடியற்காலை, மார்கழிக் குளிரில், என்னை ஸ்கூட்டரில் ஏற்றிச் சுரங்க வாய்க்காலுக்குக் கூட்டிப் போனாள். நிலக்கரி வெட்ட இடைஞ்சலான நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து அதில்தான் விடுவார்கள். அவள் அப்பா அந்த பம்புகளோடு ஷிப்ட் ஷிப்டாகக் காலம் தள்ளியவர். வாய்க்காலில் ஆவி பறந்தது. என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

"அங்கயும் தெற்கேர்ந்து இப்படி வெதுவெதுப்பா தண்ணி வந்துகிட்டே இருக்கும்மா. அதான் உறையாது."

பம்ப்காரர் பெண்டாட்டிக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? போய் வா என்றேன்.

அவள் போன பிறகு தினமும் வீடியோ காலில் எடுத்த எடுப்பில் என் கேள்வி ஒன்றுதான்.

"கடலு உறையலயே?"

"உறையலம்மா."

அதைக் கேட்டால்தான் எனக்கு அடுத்த பேச்சே வரும்.

அடுத்த தை மாதத்தில் ஒரு நாள், இடது கையால் காபி குடித்துக்கொண்டிருந்தாள். வலது கை மேசைக்குக் கீழேயே இருந்தது.

"அந்தக் கைய மேல எடு" என்று அதட்டினேன்.

மணிக்கட்டில் மாவுக்கட்டு. வாசல் படியில் உறைந்திருந்த ஐஸ் வழுக்கி, மூன்று வாரம் முன்பே விழுந்திருக்கிறாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கடலத்தானம்மா கேட்ட" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, அழுதுவிட்டாள். நானும் அழுதேன். தினமும் பேசியும், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாள்கூட முதலில் கேட்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

இப்போது போன் வந்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். கட்டுப் பிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. இன்னும் காட்டுகிறாள்.