சந்தியில் தொங்கிய என் முகம்

சென்ற வருடம், தெரணியகலையிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பிரியும் சந்தியில் நடந்தது இது. என் தங்கை உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். எங்கள் தோட்டத்திலிருந்து கேம்பஸ் போகும் முதல் ஆள் அவள்தான். அன்று பாடசாலையில் பாராட்டு விழா. பெரிதாகச் சாதித்த பிள்ளைக்குச் சந்தியில் மாலை போட்டு, பேண்ட் வாத்தியத்தோடு பாடசாலை வரை ஊர்வலமாக அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அதைப் பார்ப்பதற்காகவே, கொழும்பில் நான் வேலை செய்யும் கார்மெண்ட் தொழிற்சாலையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சந்தியில் இறங்கியதுமே த்ரீவீலர்க்காரர் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "நங்கி, ஒயா நேத கெம்பஸ் யன்னே?" கேம்பஸ் போகிறவள் நீதானே என்கிறார். நான் இல்லை, என் தங்கை என்று சிங்களத்தில் சொன்னேன். மனிதர் நம்பவில்லை. என் தலைக்கு மேலே கையைக் காட்டினார்.

அண்ணாந்து பார்த்தேன். இரண்டு லைட் கம்பங்களுக்கு நடுவே பெரிய வாழ்த்து பேனர். கீழே தங்கையின் பெயர் கொட்டை எழுத்தில். நடுவில் என் முகம். வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல். பதினாறு வயதில் நான் சாதாரணதரப் பரீட்சை எழுதிய வருடம் எடுத்த படம் அது. அப்பா மரத்திலிருந்து விழுந்து நெடுநாள் படுக்கையில் கிடந்ததும் அதே வருடம்தான். அதோடு படிப்பை விட்டுவிட்டு நான் கொழும்புக்குப் போய்விட்டேன்.

பேனர் கட்டிய தோட்டத்து இளைஞர்கள் பக்கத்துத் தேநீர்க் கடையில் பெருமையாக நின்றார்கள். போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். வீட்டில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், சுவரில் இருந்த படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு போய் டவுன் கடையில் அடித்திருக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சு. வெள்ளச் சட்டையில இருந்துச்சு, தங்கச்சின்னு நெனச்சிட்டோம். நாங்க என்னக்கா செய்றது?" என்கிறான் ஒருவன்.

"பேசாம மொதல்ல கழட்டுங்கடா" என்றேன்.

மழையில் அட்டைக்கடியோடு ரப்பர் மலையைத் தாண்டிப் போய் டியூஷன் படித்தவள் அவள். ஊரே அவளுக்காகக் கூடுகிற நாளில், அவள் இடத்தில் நான் இளித்துக்கொண்டு தொங்குவதா? அவள் பார்ப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். ஒருவன் கம்பத்தில் ஏறி ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்திருப்பான், அதற்குள் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து வரும் பாதையில் அம்மா அப்பாவோடு தங்கை வந்துவிட்டாள்.

பாதி மடங்கித் தொங்கிய என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே, கழட்ட வேணாம். திருப்பிக் கட்டுங்க" என்றாள் கம்பத்தில் இருந்தவனிடம்.

"பைத்தியமாடி ஒனக்கு? ஒன் மூஞ்சி எங்க அதுல?" என்றேன்.

"நான்தான் நேர்ல நடந்து போறேனே. நீ அங்கேயே இரு, அக்கா."

சந்தி என்றும் பாராமல் அழுதேன். அந்த இளைஞர்களோ, செய்த தப்புக்குப் பரிகாரமாக, தங்கையின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை வாங்கிப் பேனரின் மூலையில் ஒட்டினார்கள். என் முகம் வண்டிச் சக்கரம் அளவு, அவளுடையது முத்திரை அளவு. அதைப் பார்த்து அம்மாவும் சிரித்துவிட்டார். பேண்ட் முழங்க, மாலையோடு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தாள் தங்கை. த்ரீவீலர்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அந்தப் பேனர் இப்போது எங்கள் லயத்து அடுப்படிக் கூரையில் இருக்கிறது. தகரம் ஒழுகும் இடத்தில் அப்பா விரித்துக் கட்டியிருக்கிறார். படிப்பை விட்ட வருத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. தங்கைக்கு அது தெரிந்திருக்கிறது. தையல் மெஷின் முன்னால் குனிந்து குனிந்து களைத்துப்போகும்போதெல்லாம், வெள்ளைச் சீருடையோடு நானும் ஒரு நாள் ஊர் நடுவே நின்றேன், என்னை இறக்க வேண்டாம் என்று சொன்னவள் என் தங்கை என்று நினைத்துக்கொள்வேன். நிமிர்ந்து உட்கார எனக்கு அது போதும்.