கடிகாரத்துக்கு நாலாவது சில்லு

சிலோன் தோட்டத்தை விட்டுக் கப்பலேறும்போது ஆளாளுக்கு ரேடியோ வாங்கினார்கள், இந்தியாவில் விற்றுக்கொள்ளலாமென்று. வீரையா வாங்கியது குண்டுக் கடிகாரம். அதற்கு முள்ளே கிடையாது. நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு கை கீழேயிருந்து இரும்புக் குண்டை அள்ளி உச்சியில் போடும். குண்டுகள் உருண்டுபோய் மூன்று தட்டில் வரிசை கட்டும். மேல்தட்டில் நிமிடம், நடுவில் அஞ்சஞ்சு நிமிடம், அடியில் மணி. மூன்றையும் கூட்டினால்தான் நேரம். வந்து தங்கிய மண்டபம் முகாமிலும் விலைபோகவில்லை, கோத்தகிரிச் சந்தையிலும் விலைபோகவில்லை.

"நேரம் பாக்கறதுக்குள்ள நேரம் போயிருமுங்களே" என்று சிரித்தார்கள்.

கடைசியில் கீழ் கோத்தகிரித் தோட்டத்தில் கொடுத்த வரிசை வீட்டில், டிரங்குப் பெட்டிமேல் அது உட்கார்ந்தது. சிலோன் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, முகாம், தகரக் கொட்டகை, அப்புறம் இந்த வீடு. "இனி என்னப் பொணமாத்தான் தூக்கணும்" என்று மனைவி பொன்னாயியிடம் சொல்லிவிட்டார் வீரையா.

ஒரு வருசம் ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழை பிடித்த எட்டாம் நாள், குண்டு நடுவழியில் நின்றது. சாய்ந்தால் அப்படித்தான் நிற்கும். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவுப் பள்ளம். அந்தப் பக்கத்துக் கடிகாரக் காலுக்குப் பலகைச் சில்லு ஒன்றைச் சொருகினார். நாலு நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. எல்லாம் அதே காலுக்கு.

"என்னாங்க, கடியாரம் சாயுதா, காம்பரா சாயுதா?" என்றாள் பொன்னாயி.

"பெட்டி நசுங்கியிருக்கும். ஒன் வேலையப் பாரு."

அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனதும் கடிகாரத்தை வெறுந்தரையில் வைத்துப் பார்த்தார். அங்கும் சாய்ந்தது. பேசாமல் எடுத்துப் பெட்டிமேலேயே வைத்தார். வீடு சாய்கிறதென்று வாயைத் திறந்தால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். அதை நினைத்தாலே இடுப்பு விட்டுப்போயிற்று.

நாலாவது சில்லு ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. காலையில் சொருகியது சாயங்காலம் போதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கருப்பம்மா ஈர விறகைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு அங்கே ஆறு உயிர். வீரையா அஞ்சாவது சில்லை எடுத்தார். பிறகு அதை அடுப்பில் போட்டுவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் சூப்பர்வைசர் காளிமுத்துவைக் கூட்டி வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, இந்தப் பொம்ம ஓடலீன்னு சொல்லவா மழையில என்னையக் கூப்புட்டீங்க?"

வீரையா ஒரு குண்டை எடுத்துத் தரையில் விட்டார். அது விறுவிறுவென்று ஓடிப் பள்ளத்துப் பக்கச் சுவரில் முட்டியது.

"போன வருசம் குண்டு வச்ச எடத்துல நின்னுச்சுங்க." நாலு சில்லையும் உருவி அவன் கையில் கொடுத்தார். "இருவது நாளாத் தெரியும். நான்தான் சொல்லல."

காளிமுத்துவின் சிரிப்பு நின்றது. வெளியே போய்ச் சுவரடியில் குனிந்தான். வெடிப்பில் அவன் கை முழுசாக நுழைந்தது.

இருட்டுமுன் வரிசை வீட்டுச் சனம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"நல்லா கொதிச்ச ஒலய எறக்க வச்சிட்டீங்களே மாமா" என்றாள் கருப்பம்மா.

பொன்னாயி கடிகாரத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். சில்லே இல்லாமல் குண்டு உருண்டது.

"மூட்டைய அவுக்கவா?"

"அவுக்காத" என்றார் வீரையா. "பாய மட்டும் உருவு. சித்த முதுக சாய்ச்சுக்கறேன்."