எங்கள் சங்கத்தின் வெளியுறவுக் கொள்கை

அக்கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகள் என் புது வலையை அறுத்துக்கொண்டு போன மறுநாள், எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் தனக்கென்று ஒரு வெளியுறவுக் கொள்கையை வகுத்துக்கொண்டது. செயலாளர் நான்தான். ஆத்திரத்தில் கடிதத்தையும் நானே எழுதினேன்.

"கொழும்பு என்ன செய்யுது? பக்கத்துப் பெரியவன் நெருக்கினால் தூரத்துப் பெரியவனைப் பாத்துச் சிரிக்குது. நாங்களும் சிரிப்பம்" என்றார் தலைவர். அந்த இரண்டு பெரிய நாடுகளும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது கரையில் கருவாடு காயவைக்கிற பெண்களுக்கும் தெரியும்.

தூரத்துப் பெரியவனுக்கு நான் எழுதிய கடிதம் வேலை செய்தது. அந்த நாட்டுத் தூதரகத்தார் எங்களுக்கு ஆளுக்கொரு வலை கொண்டுவந்தார்கள். நிறைகுடம் வைத்து, பன்னீர் தெளித்து வரவேற்றோம். சந்தனத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் கன்னத்தில் பூசிக்கொண்டார்.

மூன்றாம் நாளே அக்கரை நாட்டுத் தூதரகக் கந்தோரிலிருந்து போன். "எங்ககிட்ட ஏன் கேக்கல?" அடுத்த கிழமை அவர்களும் வருவதாக ஏற்பாடு.

"பொம்பிளை வீட்டுக்குச் சீதனம் வாற முதல் கலியாணம் இதுதான் தம்பி!" தலைவருக்கு வாயெல்லாம் பல்.

அங்கேதான் எங்கள் சிக்கன புத்தி வேலையைக் காட்டியது. வரவேற்புக்குப் புதுப் பனர் எதற்கு? பழையதில் இருந்த தூரத்து நாட்டுக் கொடியின் மேல் அக்கரைக் கொடியைக் கடுதாசியில் அச்சடித்து ஒட்டினோம். அதிகாரி வந்து இறங்க, சோளகக் காற்று ஒரு அடி அடித்தது. கடுதாசி பறந்தது. தலைவர் மாலையும் கையுமாகப் பனரை மறைக்கப் பாய்ந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். சிரித்துவிட்டு, "அவங்க ஆளுக்கு ஒண்ணா? நாங்க ரெண்டு தர்றோம். வேற என்ன வேணும், கேளுங்க" என்றார்.

"வேறை ஒண்டும் வேண்டாம் ஐயா. வலை அறுக்கிற உங்கடை றோலர் படகுகள் இஞ்சாலை வராமல் மறிச்சுத் தாங்கோ. வலையை நாங்களே வாங்குவம்" என்றேன்.

"அது மேல பேச வேண்டிய விஷயம்" என்று தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். தூரத்து நாட்டுக்காரரையும் போனில் கேட்டேன். "அது உங்கள் இரண்டு நாட்டு விவகாரம்" என்று மொழிபெயர்ப்பாளர் அன்பாகச் சொன்னார்.

தூரத்து நாட்டு வலை ஒன்று, அக்கரை வலை இரண்டு, ஆக மூன்றையும் ஒன்றாகத் தொடுத்து ஒரு பின்னேரம் கடலில் விட்டேன். மறுநாள் விடியப் போய்ப் பார்த்தால், மிதவைகள் இரண்டுதான் மிச்சம். அக்கரை றோலர்காரர் இரு நாட்டு வலையையும் பாரபட்சமில்லாமல் வாரிக்கொண்டு போயிருந்தார்கள்.

கரையில் நின்ற என் மனைவி வெறும் படகைப் பார்த்தாள்.

"இனி எந்த நாட்டுக்கு எழுதப் போறியள்?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மிஞ்சிய மிதவை இரண்டையும் மணலில் போட்டேன்.

"ஆருக்கு எழுதினாலும் வலை தருவினம்" என்றேன். "கடலை ஆர் தருவினம்?"