கடைசிப் பாட்டின் சங்கு

ஊசி போடுமுன் நர்ஸ் என் கையில் தடவிய ஸ்பிரிட் வாசனை, அம்பத்தூரில் இப்போது இடித்துவிட்ட எங்கள் இரும்பு வார்க்கும் பவுண்டரி குவார்ட்டர்ஸுக்கே என்னைக் கொண்டுபோனது. அங்கே பக்கத்து வீட்டு டேவிட் அண்ணன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ரெக்கார்டரைத் துடைத்து, ஒரே இங்கிலீஷ் ராக் கேசட்டைத் தினமும் போட்டு, பிள்ளைகளான எங்களுக்கு வரிவரியாக அர்த்தம் சொல்வார். மழையைப் பற்றியது என்று நாங்கள் நினைத்த பாட்டு, சாம்பல் கொட்டுவதைப் பற்றியதாம். கடைசிப் பாட்டு நீண்ட ஆலைச் சங்கோடு தொடங்கும்.

"இந்தச் சங்கு வேலைக்குக் கூப்டல. போனவன் வரமாட்டான்னு ஊட்ல கீறவங்களுக்குச் சொல்லுது" என்பார், கிடார் முனகும்போது எங்களுக்கு முதுகு சில்லிடும்.

பவுண்டரிச் சங்கும் அதே குரல்தான். முதலில் அம்மாக்கள் பாட்டுச் சங்கில் ஏமாந்து, ஷிஃப்ட் முடிந்ததென்று அவசரமாகச் சோறு வடித்தார்கள்; போகப்போக எந்தச் சங்குக்கும் எழுந்திருக்காமல் பழகிவிட்டார்கள்.

அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சங்கு நிற்காமல் ஊதியது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "டேவிட்டு, அந்தப் பாட்ட நிறுத்துப்பா" என்றாள்.

டேவிட் அண்ணன் எங்கள் வாசலில்தான் நின்றிருந்தார்.

"காலீலேர்ந்து கரண்ட் இல்லக்கா" என்றார்.